பாரத்தின் ஒன்பதாவது கேள்வி

அக்கா,

இன்று அறிவியல் கூடத்தில் ஆசிரியை ஒரு புதிய கையுறைப் பெட்டியைக் கிழித்துத் திறந்தார். ரப்பரும் மாவும் கலந்த அந்த வாடை வந்ததும் நான் சட்டென்று திரும்பிப் பார்த்துவிட்டேன். நீங்கள் பின்னால் நிற்பதாகவே நினைத்தேன். பின்னால் ஒரு துடைப்பமும் தண்ணீர் வாளியும்தான் இருந்தன. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள், "என்னாச்சி கவி, மூஞ்சியே மாறிப் போச்சி?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன். உங்களைப் பற்றி அவளிடம் எங்கிருந்து தொடங்குவது? நீங்கள் எனக்கு உறவில்லை. பக்கத்து வீடும் இல்லை. கையுறைத் தொழிற்சாலையில் இரவு வேலை பார்த்துவிட்டு, சனிக்கிழமைகளில் நான்கு மணி நேரம் என் தங்கையைப் பார்த்துக்கொண்டவர். அப்படிச் சொன்னால், "ஓ, ஆயாவா?" என்று கேட்பாள். அதற்கு நான் என்ன சொல்வேன்?

அதனால் உங்களுக்கே எழுதுகிறேன். கட்டுரை நோட்டின் பின்பக்கங்களில், போர்வைக்குள், கைப்பேசி வெளிச்சத்தில். அம்மாவும் தங்கை யாழினியும் முன்னறையில் படுத்திருக்கிறார்கள். அப்பா லோரியோடு ஜொகூர் போயிருக்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா. காலையில் யாழினியை ஏற்றிப்போக வேன் வரும். புதிய விண்ணப்பப் பாரம் என் முழங்காலுக்குப் பக்கத்தில் கிடக்கிறது. எல்லாவற்றையும் நிரப்பிவிட்டேன், ஒன்பதாவது கேள்வியைத் தவிர.

பிள்ளைக்கு வலிப்பு உண்டா? ஆம், இல்லை. இரண்டு சிறிய கட்டங்கள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் இதே பாரத்தை நான்தான் நிரப்பினேன். அம்மாவுக்கு மலாய் எழுதப் படிக்க வராது. கோலா சிலாங்கூரில், யாழினி மாதிரி நடக்க முடியாத பிள்ளைகளை வைத்திருக்கும் குடும்பங்கள் சேர்ந்து ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள், சனிக்கிழமை காலையில் பிள்ளையை விட்டுவிட்டு மதியம் கூட்டிக்கொள்ளலாம் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். நர்ஸ் இல்லாததால் வலிப்பு வரும் பிள்ளைகளை மட்டும் எடுக்க மாட்டார்கள் என்றும் சொல்லியிருந்தார்கள். நான் ஒவ்வொரு கேள்வியாகப் படித்துச் சொல்ல அம்மா பதில் சொன்னார். ஒன்பதாவது வந்ததும் அந்த இடத்தில் விரலை வைத்து அழுத்தினார்.

"இதுல மட்டும் இல்லன்னு போடு."

"பொய் சொல்றமாம்மா?"

"பொய் இல்ல. அவளுக்கு ராத்திரிலதான் வருது. காலைல எங்க வருது?"

அது ஏறக்குறைய உண்மை. ஏறக்குறைய.

முதல் நாள் அம்மா அந்த வாடகை வீட்டு வாசலை விட்டு நகரவே இல்லை. வெளிக்கதவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, உள்ளே சக்கர நாற்காலியில் இருந்த யாழுவையே பார்த்துக்கொண்டு நின்றார். நீங்கள் ஈரக் கையைச் சட்டையில் துடைத்தபடி வந்தீர்கள்.

"என்னாம்மா, கேட்டுக்குக் காவலா? போங்க லா, போய்த் தூங்குங்க."

"தூங்கறதுக்கா புள்ளைய விட்டுட்டுப் போறது?" அம்மாவுக்குக் கோபமே வந்துவிட்டது.

"பின்ன எதுக்கு? கோயிலுக்குப் போறேன், கடைக்குப் போறேன்னு சொல்லிட்டுத்தான் எல்லாரும் விடறாங்க. போயித் தூங்கறாங்க. இந்த வீடு அதுக்குத்தான்."

அன்று நான் டியூஷன் முடிந்து அசாம் ஜாவாவில் எங்கள் வீட்டுக்குத் திரும்பியபோது, அம்மா செருப்பைக்கூடக் கழற்றாமல் முன்னறைத் தரையில் கிடந்தார். எனக்கு உயிரே போய்விட்டது. மூக்கின் கீழ் விரலை வைத்துப் பார்த்தேன். தூங்கிக்கொண்டிருந்தார். என் நினைவு தெரிந்து அம்மா பகலில் தூங்கி நான் பார்த்ததில்லை. இரவிலும் பார்த்ததில்லை. யாழு பிறந்து ஒன்பது வருடம், அம்மாவின் ஒரு கை எப்போதும் அவள் நெஞ்சின் மேல்தான் இருக்கும்.

நீங்கள் என்னையும் விரட்டுவீர்கள். நானும் கூட இருக்கிறேன் என்று வந்தால் வாசலிலேயே நிறுத்தி, "நாலு மணி நேரம் நீயும் யாருக்கும் அக்கா இல்ல. போய்ப் படி. இல்லாட்டி சும்மா கெட" என்பீர்கள். யாரும் அதற்கு முன் என்னைச் சும்மா கிடக்கச் சொன்னதில்லை.

உணவுச் சந்தை நாளைத்தான் அதிகமாக நினைக்கிறேன். வருடத்துக்கு ஒருமுறை தமிழ்ப்பள்ளித் திடலில் கூடாரம் போட்டு, கூப்பன் விற்று, குடும்பத்துக்கு ஒரு கடை. பிரியாணிக் கடை, நாசி லெமாக் கடை, செண்டோல் கடை. வீட்டு வாடகையும் வேன் செலவும் அந்த ஒரு நாளில்தான் சேர வேண்டும். போன வருடம் அதற்கு மேல் இன்னொரு தேவையும் இருந்தது. ஒரு நர்ஸை அரை நாள் சம்பளத்துக்கு வைக்கலாம் என்று கூட்டத்தில் பேசியிருந்தார்கள். அதைக் கேட்டுவிட்டு அம்மா இரண்டு நாள் உளுந்து அரைத்தார்.

நீங்கள் எங்கள் கடையில் வடை சுட்டீர்கள். இரண்டு கையிலும் தொழிற்சாலைக் கையுறை. "வாங்க வாங்க, டாக்டர் சுட்ட வடை! கைபடாத வடை!" என்று நீங்கள் கத்தியதைக் கேட்டே பாதிப் பேர் வந்தார்கள். நன்கொடை கொடுக்க, டத்தோ பட்டம் வாங்கிய ஒருவர் பெரிய அட்டைக் காசோலையைத் தூக்கிக்கொண்டு வந்தார். படம் எடுக்க ஒரு பிள்ளை வேண்டும் என்று அவருடன் வந்தவர் யாழுவின் நாற்காலியைத் தள்ளப் பார்த்தார். யாழு வாயில் வாழைப்பழம் இருந்தது, நெஞ்சில் பாதி ஒழுகியிருந்தது.

"புள்ள சாப்பிடுது டத்தோ," என்றீர்கள். "என்கூட நில்லுங்க. எனக்கும் ரெண்டு பல்லு இல்ல. பரிதாபமாத்தான் இருப்பேன்."

டத்தோ நல்ல மனிதர். அவரே சிரித்துவிட்டார். அந்தப் படம் இன்னும் சனிக்கிழமை வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறது. கையுறையோடு நீங்கள், அட்டையோடு அவர்.

அதற்குக் கொஞ்ச நேரத்துக்குப் பிறகு உறுமி மேளம் தொடங்கியது. எல்லோரும் அந்தப் பக்கம் நகர்ந்தார்கள். அம்மா கூப்பன் மேசைக்குப் போயிருந்தார். நான் யாழுவைக் கடைக்குப் பின்னால் நிழலுக்குத் தள்ளிக்கொண்டு போனேன். அங்கேதான் அவள் கண் ஒரு பக்கமாக ஏறியது. கை விறைத்தது. பட்டப்பகலில். என்னால் கத்தக்கூட முடியவில்லை.

நீங்கள் எப்படிப் பார்த்தீர்கள் என்று எனக்கு இன்றும் தெரியாது. கரண்டி விழுந்த சத்தம் கேட்டது. அடுத்து நீங்கள் பக்கத்தில் இருந்தீர்கள். நாற்காலிப் பட்டையை அவிழ்த்து, மீந்திருந்த பேனர் துணியை விரித்து, அவளை இடது பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்தீர்கள். உங்கள் துப்பட்டாவை மடித்துத் தலைக்குக் கீழே வைத்தீர்கள். நான் அவள் கையை இறுக்கிப் பிடித்தேன்.

"புடிக்காத. விடு. மணியப் பாரு, அஞ்சு நிமிஷம் தாண்டுனா ஆம்புலன்ஸ். வாயில ஒண்ணும் வெக்கக் கூடாது, தெரியுமில்ல? எங்கண்ணனுக்கு இருந்திச்சி. சாவியக் கையில குடுங்க, இரும்பக் குடுங்கன்னு எல்லாரும் கத்துவாங்க. ஒரு சாவியும் வேணாம். பேரச் சொல்லிக் கூப்புடு, அது போதும்."

முன்னால் யாரோ, "அக்கா, வடை கருகுது!" என்று கத்தினார்கள்.

"கருகட்டும் லா! இன்னிக்கு கருப்பு வடதான் ஸ்பெஷல்!" நீங்கள் திரும்பாமலே பதில் கத்தினீர்கள், யாரும் பின்னால் வந்துவிடக் கூடாது என்று. உங்கள் குரலில் சிரிப்பு இருந்தது. உங்கள் முகத்தில் இல்லை.

இரண்டு நிமிடத்தில் யாழு தளர்ந்தாள். வாயைத் துடைத்துவிட்டு என்னைப் பார்த்தீர்கள்.

"எத்தன நாளா?"

"ரெண்டு வயசுலேர்ந்து."

"பாரத்துல?"

நான் அழுதேன். சொல்லாதீங்க அக்கா, சொன்னா எடுக்க மாட்டாங்க, அம்மா செத்துடுவாங்க என்று அழுதேன். நீங்கள் கையுறையை ஒவ்வொரு விரலாகக் கழற்றினீர்கள்.

"சரி. நான் இருக்கற சனிக்கிழம மட்டும் கொண்டாந்து விடு. நான் இல்லன்னா கூட்டியாராத. இது உனக்கும் எனக்கும்."

அதன் பிறகு நீங்கள் இல்லாத சனிக்கிழமையே இல்லை. வெள்ளி இரவு வேலை முடிந்து காலை ஏழு மணிக்குத் தொழிற்சாலையை விட்டு வந்து, எட்டு மணிக்கு அந்த வீட்டைத் திறப்பீர்கள். யாழுவின் மெத்தையை உங்கள் காலுக்குப் பக்கத்திலேயே போட்டிருப்பீர்கள். ஒருமுறை, தூக்கம் வரவில்லையா அக்கா என்று கேட்டேன். "வீட்ல பேச ஆளு இல்ல. இங்க யாழு இருக்கா. அவளும் பேச மாட்டா, ஆனா கேக்கறா இல்ல?" என்றீர்கள். நான் சிரித்தேன். அது நகைச்சுவை என்று அப்போது நினைத்தேன்.

சந்தை முடிந்த மறு வாரம் நடந்த கூட்டத்தைத்தான் என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. பெற்றோர் குழுவின் செயலாளர் ஐயா எல்லாப் பாரங்களையும் கையில் வைத்துக்கொண்டு எழுந்தார். "நர்ஸ் வேணும்னு பேசினோம். ஆனா பாரத்தப் பார்த்தா வலிப்பு உள்ள புள்ள ஒண்ணுகூட இல்ல. கடவுள் புண்ணியம். அப்ப எதுக்கு நர்ஸ்? பிள்ளைங்க வேர்வையில கஷ்டப்படுதுங்க. ஏர்கான் போடலாம்" என்றார். அவர் சொன்னதில் ஒரு தவறும் இல்லை. நாங்கள் எழுதிக் கொடுத்ததைத்தான் அவர் படித்தார்.

அம்மா தரையைப் பார்த்தார். அம்மா மட்டுமா? அங்கே வரும் இன்னொரு பிள்ளை குமரனின் அம்மாவும் தரையைப் பார்த்தார். கடைசி வரிசையில் இருந்த ஒரு அப்பா காரணமில்லாமல் கைப்பேசியை எடுத்தார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. நாங்கள் மட்டும் இல்லை. நர்ஸ் இல்லாததால் எல்லோரும் மறைத்திருக்கிறோம். எல்லோரும் மறைத்ததால் நர்ஸ் வரப் போவதில்லை.

நீங்கள் கையைத் தூக்கினீர்கள். "ஏர்கானுக்கு நர்ஸே மேல் லா ஐயா."

"காரணம் சொல்லுங்கம்மா. காரணம் இருந்தா எழுதிக்கறேன்."

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் தலையை அசைத்தேன். வேண்டாம் என்று. இவ்வளவுதான், இவ்வளவு சிறிதாக. நீங்கள் கையை இறக்கிவிட்டீர்கள். அடுத்த வருடம் புதிய பாரம் வாங்கிப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று ஐயா உட்கார்ந்தார்.

அக்கா, ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் அன்று சொல்லியிருக்க வேண்டும். நான் தலையை அசைத்திருந்தாலும், அழுதிருந்தாலும். எனக்கு அப்போது பதினைந்து வயது. நீங்கள் பெரியவர். என் பேச்சைக் கேட்டது தப்பு. இதை உங்களிடம் நேரில் சொல்லியிருந்தால், "ஆமா லா கிராணியம்மா, என்னா பண்றது" என்று என் தலையில் குட்டியிருப்பீர்கள். பாரம் நிரப்புகிறவள் என்பதால் எனக்கு நீங்கள் வைத்த பெயர். தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணி மாதிரி காதில் பேனா வைத்துக் காட்டுவீர்கள். இப்போது யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை.

கடைசியாக நீங்கள் வந்த சனிக்கிழமை உங்கள் கண் சிவந்திருந்தது. யாழுவை வாங்கும்போது உங்கள் கை சுட்டது. "கிளினிக்குப் போங்கம்மா, நான் இன்னிக்கிப் புள்ளைய வெச்சிக்கறேன்" என்றார் அம்மா. "மாத்திர போட்டாச்சி, நீங்க போயிப் படுங்க" என்றீர்கள். நானும் போங்கள் என்று சொல்லவில்லை. நீங்கள் போய்விட்டால் யாழுவைத் திருப்பிக் கூட்டிப் போக வேண்டும், அம்மா தூங்க முடியாது என்றுதான் அந்த நொடியில் எனக்குத் தோன்றியது. அதை யாரிடமும் நான் சொன்னதில்லை. புதன்கிழமை மருத்துவமனையிலிருந்து குரல் பதிவு அனுப்பினீர்கள். டெங்கியாம், படுக்கை கிடைத்துவிட்டதாம். மூச்சு வாங்கிய குரலில், "கவி, இந்த வாரம் யாழுவ அனுப்பாத. நான் வர மாட்டேன். சரியா?" நான் ஒரு கட்டைவிரல் படத்தை அனுப்பினேன். ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. வெள்ளிக்கிழமை நீங்கள் இல்லை.

அன்றைக்கே கிளினிக்குக்குப் போயிருந்தால் பிழைத்திருப்பீர்களா? யாரிடம் கேட்பது என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

உங்கள் இறுதிச் சடங்குக்கு அம்மா வரவில்லை. வர முடியவில்லை. யாழுவை யாரிடம் விட்டுவிட்டு வருவது? அவளைப் பார்த்துக்கொள்ளும் ஒரே ஆள் நீங்கள்தான். நான் மட்டும் பள்ளிச் சீருடையோடு செயலாளர் ஐயாவின் காரில் வந்தேன். உங்கள் பக்கத்தில் நின்று அழ நான்கைந்து பேர்தான் இருந்தார்கள். நான் யார் என்று ஒருவர் கேட்டார். சனிக்கிழமை வீட்டுப் பிள்ளை என்றேன். அவருக்குப் புரியவில்லை.

உங்களுக்குப் பிறகு நான்கு சனிக்கிழமைகள் வீட்டைத் திறக்கவில்லை. முந்தாநாள் நான் பள்ளியிலிருந்து வந்தபோது அம்மா அடுப்பங்கரைச் சுவரில் நெற்றியைச் சாய்த்து நின்றபடியே தூங்கியிருந்தார். சட்டியில் எண்ணெய் புகைந்துகொண்டிருந்தது. நான் அடுப்பை அணைத்த சத்தத்தில் விழித்து, "நான் தூங்கல, நான் தூங்கல" என்றார். யாரோ அடிக்க வந்ததுபோல் சொன்னார்.

நாளைக்கு வீடு திறக்கிறது. இரண்டு கல்லூரி மாணவிகள் வருகிறார்களாம். பாரத்தை எல்லோரும் புதிதாக நிரப்பிக் கொண்டுவர வேண்டும். சாப்பாடு முடிந்ததும் அம்மா அதை என்னிடம் கொடுத்து, "போன தடவ மாதிரியே எழுதிடு" என்றார். அவ்வளவுதான் சொன்னார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

போன தடவை மாதிரி எழுதினால், அந்த இரண்டு பெண்களில் ஒருத்தி யாழு தூங்குகிறாள் என்று நினைத்துக்கொள்வாள். அல்லது பயத்தில் ஒரு கரண்டியை அவள் பல்லுக்குள் திணிப்பாள். மாற்றி எழுதினால் வேனிலிருந்தே அவளைத் திருப்பி அனுப்பலாம். நர்ஸ் வர எத்தனை மாதம் ஆகும்? வரத்தான் வருமா? அதுவரை அம்மா எங்கே தூங்குவார்? இரண்டு மணி நேரமாக இந்த இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறேன். உங்கள் குரல் பதிவை ஒருமுறை கேட்டுப் பார்த்தேன். இந்த வாரம் அனுப்பாதே என்கிறீர்கள். அடுத்த வாரத்துக்கு அதில் ஒன்றும் இல்லை.

அக்கா, இந்த இடத்தில் நோட்டை மூடி வைத்துவிட்டுப் பாரத்தை எடுத்தேன். ஆம் என்ற கட்டத்தில் கோடு போட்டுவிட்டேன். பேனாவால். கீழே விவரம் எழுத ஒரே ஒரு வரிதான் விட்டிருக்கிறார்கள். போதவில்லை. தாளைத் திருப்பிப் பின்பக்கத்தில் எழுதினேன். நாற்காலிப் பட்டையை அவிழ்த்து இடது பக்கமாகப் படுக்க வைக்கவும். தலைக்குக் கீழே துணி வைக்கவும். கையைப் பிடித்து அடக்க வேண்டாம். வாயில் எதையும் வைக்க வேண்டாம். மணியைப் பார்க்கவும். ஐந்து நிமிடம் தாண்டினால் ஆம்புலன்ஸைக் கூப்பிடவும். பெயரைச் சொல்லிக் கூப்பிடவும், அவளுக்குக் கேட்கும். மலாயில் எழுதினேன். ஆனால் வரிக்கு வரி உங்கள் குரல்தான் முன்னால் வந்தது. இதையெல்லாம் அந்த ஒரு பகலில் உங்களிடமிருந்து வாங்கி வைத்திருந்தேன் என்பதே எனக்கு எழுதும்போதுதான் தெரிந்தது. அது ஒன்று என்னிடம் இருக்கிறது.

பாரத்தின் அடியில், பெற்றோரைத் தவிர அவசரத்தில் அழைக்க வேண்டியவர் என்று ஓர் இடம் உண்டு. பழைய பாரத்தில் நான் காலியாக விட்டிருந்தேன், யாழு சேர்ந்த பிறகு நீங்கள்தான் அங்கே உங்கள் பெயரை எழுதினீர்கள். இந்த முறை வேறு யாரை எழுதுவது என்று யோசித்தேன். யாரும் இல்லை. என் பெயரை எழுதினேன். என் எண்ணைக் கைப்பேசி வெளிச்சத்தில் எழுதியதில் கடைசி இலக்கம் ஒன்றா ஏழா என்று தெரியவில்லை. அதைப் பக்கத்தில் தெளிவாக இன்னொரு முறை எழுதினேன்.

அம்மாவுக்கு மலாய் தெரியாது. ஆனால் ஒன்பதாவது கேள்வி எங்கே இருக்கிறது என்று அம்மாவின் விரலுக்குத் தெரியும். பைக்குள் மறைத்து அனுப்பிவிடலாம், வேன் போன பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று முதலில் நினைத்தேன். அப்படிச் செய்யப் போவதில்லை. ஒருமுறை மறைத்தது போதும். காலையில் அவர் எழுந்ததும் பாரத்தை அவர் கையிலேயே கொடுப்பேன். அடிப்பாரோ, அழுவாரோ. முன்னறையில் யாழு இப்போது முனகுகிறாள். அம்மா எழுந்திருக்கும் முன் நான் போகிறேன்.